பிறைக்கு முன்னால் கட்டிய துண்டு

சேசடிமை அண்ணே, நீ இருந்திருந்தால் இதை நீதான் சொல்லியிருப்பாய். நான் பக்கத்தில் உட்கார்ந்து நடுநடுவே பொய் கலந்திருப்பேன். நீ "வாய மூடுலே" என்று அதட்டியிருப்பாய். இப்போது அதட்ட ஆள் இல்லை. அதனால் பேசிக்கொண்டே இருக்கிறேன்.

தம்பி ராயப்பா, தம்பி ஜமாலு, இனிமேல் கலங்கரை விளக்குத் தீவுக்குப் போகிற வத்தை, இந்தப் பாய்மரப் படகு, உங்கள் இரண்டு பேர் கையில். நான் ரிட்டயர் ஆகிவிட்டேன். இருபத்தைந்து வயதில் ரிட்டயர் ஆன ஆளை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள், நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள். பென்ஷன் கிடையாது. மண்டபம் ஊரில் மீன் கம்பெனியில் ஐஸ் உடைக்கிறேன். அண்ணன் போன பிறகு, போன கிறிஸ்துமஸ் ஓட்டம் முடிந்து வந்ததும், ஆத்தா என் துடுப்பைத் தூக்கிக் கிணற்றில் போட்டுவிட்டாள். "இருக்குற ஒண்ணையும் கடலுக்குக் குடுக்க மாட்டேன்" என்றாள். அண்ணன் கடலில் சாகவில்லை, மஞ்சள் காமாலையில் கட்டிலில் படுத்துச் செத்தான் என்று அவளிடம் யார் எடுத்துச் சொல்வது? துடுப்பு இன்னும் கிணற்றுக்குள் மிதக்கிறது. தண்ணீர் இறைக்கும்போதெல்லாம் வாளியில் வந்து முட்டும்.

பாய் விரிப்பது, பாறை தப்பி ஓட்டுவது, எண்ணெய்ப் பீப்பாயை நனையாமல் இறக்குவது எல்லாம் இங்கே யாரைக் கேட்டாலும் சொல்லிக்கொடுப்பார்கள், என்னைவிட நன்றாகவே. நான் பட்டப்பகலில் தெரிந்த மணல்திட்டில் வத்தையை ஏற்றியவன். என்னிடம் அதையெல்லாம் கேட்காதீர்கள். நான் சொல்ல வந்தது பண்டிகைப் பெட்டியைப் பற்றி.

மாசாமாசம் விளக்குத் தீவுக்கு அரிசி, குடிதண்ணீர், மண்ணெண்ணெய் கொண்டுபோவது நம் சம்பள வேலை. பண்டிகைக்குப் பெட்டி கொண்டுபோவதற்குச் சம்பளம் இல்லை. எந்த அதிகாரியும் செய்யச் சொன்னதில்லை. விளக்குக்காரர்கள் பண்டிகைக்கு ஊருக்கு வர முடியாது, விளக்கை விட்டுவிட்டு எங்கே வருவது? அதனால் ஊர் ஒரு பெட்டி அனுப்பும். கிறிஸ்துமஸ் என்றால் நம் தெருவிலிருந்து அதிரசமும் முந்திரிக்கொத்தும். பெருநாள் என்றால் பள்ளிவாசல் தெருவிலிருந்து தொதல், வட்டலப்பம் என்று இனிப்பு. பொங்கல் என்றால் கடைத்தெருவிலிருந்து கரும்பும் பச்சரிசியும் வெல்லமும். தீவில் யார் இந்து, யார் முஸ்லிம் என்று யாரும் பார்ப்பதில்லை. பெட்டி போகும். போகும்போது பாய்மரத்தின் உச்சியில் ஒரு கலர்த்துணி கட்டிப் போக வேண்டும். அது வழக்கம். எங்கள் வத்தையில் அண்ணனின் சிவப்புத் துண்டுதான் கொடி.

நான் முதன்முதலில் பெட்டி கொண்டுபோனது ஒரு கிறிஸ்துமஸுக்கு. அதிரசத்தோடு உயிரோடு ஒரு சேவலும் கொடுத்துவிட்டார்கள். கரையில் இறங்கும்போது அலை வந்தது. சேவலைப் பிடிப்பதா, அதிரசத்தைப் பிடிப்பதா என்று யோசித்தேன். யோசித்து முடிப்பதற்குள் அதிரசம் கடலில், சேவல் முள்ளுக்காட்டில். கடைசியில் அண்ணன் பிடித்தது என்னை, முடியைப் பிடித்து. பெரிய விளக்குக்காரர் காதர் காக்கா, நமக்கெல்லாம் மூத்த அண்ணன் மாதிரி, கரையில் நின்று சிரித்த சிரிப்பு எனக்கு இன்னும் காதில் கேட்கிறது. அந்தச் சேவலை அவர்கள் அறுக்கவே இல்லை. விருந்துக்கு வந்தவனை எப்படி அறுப்பது என்று சொல்லி, தீவில் மூன்றாவது ஆளாக வைத்துக்கொண்டார்கள். இரண்டாவது ஆள் மாரியப்ப அண்ணாச்சி. அவர் காக்காவுக்கு உதவிக்காரர், சமையலும் அவர்தான்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

ஒரு வருஷம் கிறிஸ்துமஸ், பெருநாள், பொங்கல் மூன்றும் ஒன்றன் வாலை ஒன்று பிடித்துக்கொண்டு வந்தன. கிறிஸ்துமஸ் பெட்டி கொடுத்துவிட்டு வந்து என் உள்ளங்கைக் கொப்புளம் ஆறவில்லை. அதற்குள் பள்ளிவாசல் தெரு ஆமினா லாத்தா பெருநாள் பெட்டியைக் கட்டிவிட்டார். கடைத்தெருவில் கரும்பு வந்து இறங்கிவிட்டது. வாடைக்காற்றோ நாளுக்கு நாள் ஏறிக்கொண்டிருந்தது. வாடையில் தீவுக்குப் போவது சுலபம், முதுகில் கைவைத்துத் தள்ளிவிட்ட மாதிரிப் போகலாம். திரும்பி வருவதுதான் சீவனை எடுக்கும்.

எனக்கு ஒரு யோசனை வந்தது. எனக்கு யோசனை வருவது அபூர்வம். வந்தால் ஊருக்கே கேடு.

"அண்ணே, ரெண்டு பெட்டியையும் ஒண்ணாக் கொண்டுபோயிருவமா? ஒரே ஓட்டம்."

"பெருநாளு எப்பன்னு தெரியாதேலே. பிறை தெரியணும்ல."

"நாளைக்கு இல்லைன்னா நாளான்னைக்கு. ஒரு நாளு முன்னாடி குடுத்தா தொதல் என்ன கோவிச்சுக்கிருமா?"

அன்று சாயங்காலம் ஊரே கடற்கரையில் நின்று மேற்கே பார்த்தது. ஒரே மேகம். பிறை தெரியவில்லை. நாளைக்கும் நோன்பு என்று சொல்லிக் கலைந்தார்கள். ஆமினா லாத்தா பெட்டியைக் கொடுக்கும்போது தெளிவாகச் சொன்னார்: "பிறை கண்டதுக்கப்புறம் போங்கப்பா." நான் தலையை ஆட்டினேன். என் தலை எல்லாவற்றுக்கும் ஆடும்.

விடிந்ததும் காற்று வாகாக இருந்தது. இது ரொம்ப நேரம் நிற்காது, முறுக்கிக்கொள்ளும் என்று அண்ணனை நச்சரித்து, இரண்டு பெட்டியையும் ஏற்றிக் கிளப்பிவிட்டேன். பாதி வழியில் அண்ணன் குனிந்து தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தான். நான் அவன் துண்டை எடுத்து மரத்து உச்சியில் கட்டினேன். நிமிர்ந்து பார்த்தான்.

"இன்னைக்கு எதுக்குலே அது?"

"பெட்டி போகுதுல்ல. சும்மா அழகா இருக்கட்டும்."

அவனும் விட்டுவிட்டான். தம்பிகளா, அந்தத் துணி எதற்கு என்று அன்றுவரை எங்கள் இரண்டு பேருக்குமே தெரியாது. அழகுக்கு என்றுதான் நினைத்திருந்தோம். யாரும் சொல்லித் தரவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

தீவு நெருங்கியது. கரையில் காதர் காக்கா நின்றிருந்தார். எப்போதும் காக்கி அரைக்கால்சட்டையில் நிற்கிற மனிதர், அன்று வெள்ளைச் சட்டை, வெள்ளைக் கைலி, தலையில் புதுத் தொப்பி. அத்தர் வாசம் காற்றுக்கு எதிராக எங்கள் மூக்கு வரைக்கும் வந்தது. அதற்குப் பிறகுதான் கையைப் பார்த்தேன். கையில் பீடி. பாதி குடித்த பீடி.

ஒரு மாசமாகப் பகலில் பீடியைக் கையால் தொடாதவர். எச்சிலைக்கூட யோசித்து விழுங்குகிறவர். 

"வாங்கலே, வாங்க! கொடியப் பாத்ததும் மாரியப்பன எழுப்பி பாயசம் வைக்கச் சொல்லிட்டேன். எங்கலே பிறை கண்டாக?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. கிறிஸ்துமஸும் பொங்கலும் காலண்டரில் இருக்கும். பெருநாள் வானத்தில் அல்லவா இருக்கிறது? தீவில் மேகம் மறைத்தால் கரையில் யாராவது பார்த்தார்களா என்று அவருக்கு எப்படித் தெரியும்? ரேடியோவுக்குப் பாட்டரி செத்து எத்தனையோ நாள். காலையில் எழுந்து, நோன்போடு விளக்கு மாடியில் ஏறி, தூரக்கண்ணாடி வைத்துக் கரையைப் பார்த்துக்கொண்டே நிற்பார். துணி கட்டிய வத்தை வந்தால் ஊரில் பிறை கண்டாச்சு, இன்றைக்குப் பெருநாள். வராவிட்டால் இன்றைக்கும் நோன்பு. நாங்கள் கொண்டுபோனது தொதல் இல்லை. ஒரு நாளையே கொண்டுபோயிருக்கிறோம். அதுவும் தப்பான நாளை.

இந்த இடத்தில் கெட்டிக்காரனாக இருந்தால் வாயை மூடிக்கொண்டிருப்பான். நான் திறந்தேன்.

"கீழக்கரையில கண்டாக, காக்கா."

"கீழக்கரையிலயா? யாரு கண்டா?"

"அது... நெறையப் பேரு."

"இங்கன கருமேகமால்ல இருந்துச்சு?"

"அவுகளுக்கு மட்டும் நடுவுல ஒரு ஓட்ட விட்டுச்சாம், காக்கா."

இதற்குமேல் ஒரு மனிதன் கேவலமாகப் பொய் சொல்ல முடியாது. காக்கா என்னைப் பார்த்தார். ஆனாலும் நம்பத்தான் ஆசைப்பட்டார், அது முகத்தில் தெரிந்தது. பீடியை மறுபடி வாய்க்குக் கொண்டுபோனார்.

"காக்கா, அந்தப் பீடியக் கீழ போடுங்க."

அண்ணன்தான். இடுப்பளவு தண்ணீரில், தலையில் பெருநாள் பெட்டியோடு நின்றான். 

"எங்கயும் பிறை தெரியல. ஊருல இன்னைக்கும் நோன்பு. இவன் பொய் சொல்றான். காத்துக்குப் பயந்துக்கிட்டு ஒரு நாளு முன்னாடியே வந்துட்டோம். கொடி அழகுக்குன்னு நெனச்சுக் கட்டிட்டோம்."

காக்கா பீடியைத் தண்ணீரில் போட்டார். குனிந்து கடல்தண்ணீரை அள்ளி வாய் கொப்பளித்தார், மறுபடி மறுபடி. புதுத் தொப்பியைக் கழற்றி மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அடித்திருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும்.

"முப்பது நாளும் புடிச்சிருவேன்னு நெனச்சேன்" என்றார். "இந்த வருசம் காய்ச்சலோடகூடப் புடிச்சேன். ஒண்ணுகூட விடல. கடைசி நாளு..."

பின்னால் மாரியப்ப அண்ணாச்சி கரண்டியோடு வந்தார். விஷயம் கேட்டதும் கரண்டியாலேயே நெற்றியில் அடித்துக்கொண்டார். "அடப்பாவிகளா, ஒரு மாசமா காக்கா கண்ணுல படாம எண்ணெ ரூமுக்குப் பின்னாடி ஒளிஞ்சு ஒளிஞ்சு திங்கேன். இன்னைக்குத்தான் மனுசனா உக்காந்து திங்கலாம்னு பாயசம் கிண்டுனேன். அதுலயும் மண்ணா?"

அண்ணன் பெட்டியை மணலில் இறக்கிவைத்தான். "காக்கா, எங்களால போன நோன்பு. அத நாங்க புடிக்கோம்."

"நோன்பு என்ன உன் பெட்டியாலே, கைமாத்திக் குடுக்க? என்னுத நாந்தான் புடிக்கணும். பெருநாளு கழிச்சுப் புடிச்சுக்கிறேன். இன்னைக்கு மிச்ச நேரமும் வாயில பச்சத்தண்ணி படாது. நீங்க போய்த் தின்னுங்க."

"நீங்க திங்கிற வரைக்கும் நானும் திங்கல" என்றான் அண்ணன்.

தம்பிகளா, என் அண்ணன் எப்படிப்பட்ட ஆள் என்று தெரியுமா? அவன் எங்கள் நோன்பு நாளான சாம்பல் புதனன்றே பூசை முடிவதற்குள் கடலைமிட்டாய் மெல்லுகிற ஆள். ஆத்தா அவனைச் சாமான் கொட்டடிக்குள் விடமாட்டாள், அவல் பானை காலியாகிவிடும் என்று. அவன் போய் விளக்கு மாடிக்குக் கீழே சுவரில் சாய்ந்து உட்கார்ந்தான். மாரியப்ப அண்ணாச்சி பாயசப் பானை மேல் தட்டை வைத்து, தட்டு மேல் கல்லை வைத்து, பெருமூச்சு விட்டு அவன் பக்கத்தில் உட்கார்ந்தார். அவர் எதற்குப் பட்டினி கிடந்தார் என்று அவருக்கே தெரியாது. நானும் உட்கார்ந்தேன்.

திரும்பிப் போகவும் வழியில்லை. காற்று நான் சொன்ன மாதிரியே முறுக்கிக்கொண்டது. அந்த ஒன்றுதான் நான் சரியாகச் சொன்னது.

உச்சிவெயிலுக்கு முன்னாலேயே எனக்குக் கண் இருட்டியது. காலைப் பசியைக்கூடத் தாங்காதவன் நான். பெட்டி நிழலில் இருக்கிறதா என்று பார்க்கப் போகிறேன் என்று எழுந்தேன். பார்த்தேன். நிழலில்தான் இருந்தது. ஓலையை லேசாக விலக்கி, ஒரு துண்டு தொதல், சின்னத் துண்டுதான். திரும்பிப் பார்த்தால் சேவல் என்னையே பார்த்துக்கொண்டு நிற்கிறது. வந்து ஒன்றும் தெரியாதவன் போல உட்கார்ந்தேன். தொதல் தின்றால் உதட்டில் எண்ணெய் மினுக்கும் என்பதை மறந்துவிட்டேன்.

மாரியப்ப அண்ணாச்சி என் முகத்தைக் கூர்ந்து பார்த்தார். "சேசு, உன் தம்பி நோன்பு தொறந்துட்டான்லே. அவனுக்கு மட்டும் நடுவுல ஒரு ஓட்ட விட்டுச்சு போல."

காக்கா சிரித்தார். தொப்பியை மடித்து வைத்த பிறகு முதல் சிரிப்பு. என் வாழ்க்கையில் என் திருட்டு ஒருத்தருக்கு உபயோகப்பட்டது அன்று ஒரு தடவைதான்.

அண்ணன் சிரிக்கவில்லை. உதடு வெடித்து வெள்ளை பூத்துவிட்டது. சாயங்காலம்வரை அப்படியே இருந்தான்.

பொழுது சாயும் நேரத்தில் மேற்கே மேகம் விலகியது. காக்கா அண்ணனைக் கையைப் பிடித்து விளக்கு மாடிக்கு ஏற்றிக்கொண்டு போனார். நானும் பின்னால் போனேன். சூரியன் முங்கிய இடத்துக்கு மேலே நகம் வெட்டிப் போட்ட மாதிரிப் பிறை.

"நல்லாப் பாத்துக்கலே" என்றார் காக்கா. "இதுதான். இதப் பாத்துட்டு வா. பாக்காம வராத. நீ மரத்துல கட்டுறது துணி இல்ல, எங்களுக்கு அது ஒரு சொல்லு. ஒரு தடவ பொய் சொல்லிருச்சுன்னா அடுத்த தடவ நெசமாக் கட்டிக்கிட்டு வந்தாலும் நான் மாடியில நின்னு சந்தேகப்பட்டுக்கிட்டே நிப்பேன்."

"இனிமே சொல்லாது, காக்கா" என்றான் அண்ணன்.

பாயசத்தை நான்கு பேரும் ஒரே பானையைச் சுற்றி உட்கார்ந்து குடித்தோம். அடிப்பிடித்திருந்தது. அதைவிட நல்ல பாயசம் நான் குடித்ததில்லை. மறுநாள் நிஜப் பெருநாள். கரையில் கட்டிக்கிடந்த வத்தையில் அண்ணன் தானே ஏறி, தன் கையால் துண்டைக் கட்டினான். காக்கா அதைப் பார்த்த பிறகுதான் தொப்பியை எடுத்துப் போட்டார்.

அதற்குப் பிறகு எங்கள் ஊரில் பிறை பார்க்க முதலில் போய் நிற்கிறவன் சேசடிமை. பாங்கு சொல்கிற மோதினாருக்கு முன்னால் போய் நிற்பான். பள்ளிவாசல் தெருவில் எல்லாரும் "பிறை சேசு" என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். "உனக்கு எதுக்கப்பா பிறை?" என்று கேட்டால், "எனக்கு இல்ல, துண்டுக்கு" என்பான். மேகமாக இருந்தால் வீட்டுக்கு வந்து சோறு திங்கமாட்டான். கோபம் வானத்தின் மேல்.

போன ஐப்பசியில் காமாலை வந்தது. ராமநாதபுரம் கொண்டுபோனோம், கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தோம், ஆத்தா நேர்ந்துகொள்ளாத புனிதர் இல்லை. போய்விட்டான்.

அந்தக் கிறிஸ்துமஸுக்கும் தெருவில் பெட்டி கட்டினார்கள். எங்கள் வீட்டில் பலகாரம் இல்லை, துக்க வீடு. ஆனால் பெட்டி போக வேண்டும். ராயப்பா, அன்று என்கூட வந்தது நீதான். ஆனால் நீ வழிநெடுக வாந்தி எடுத்துக்கொண்டு குப்புறக் கிடந்தாய், ஒன்றும் பார்த்திருக்க மாட்டாய். அதனால் சொல்கிறேன். அண்ணனின் துண்டு என் மடியில் இருந்தது. அதில் அவன் வியர்வை வாசம் இன்னும் போகவில்லை. எனக்குக் கட்ட மனசு வரவில்லை. என் அண்ணன் செத்த வருஷம் எனக்கு என்ன கிறிஸ்துமஸ்? கட்டாமலேயே போனேன்.

காக்கா முழங்கால் தண்ணீரில் நின்றிருந்தார்.

"கொடி எங்கலே?"

நான் மடியில் இருந்த துண்டைக் கையால் மூடிக்கொண்டேன்.

"சேசு எங்கலே?"

"அண்ணன் லீவு, காக்கா" என்றேன். சிரிக்கப் பார்த்தேன். முகம் ஒத்துழைக்கவில்லை.

காக்கா வத்தையின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "நீ இன்னும் பொய் சொல்லக் கத்துக்கிறலலே" என்றார். அப்புறம் இறந்தவர்களுக்குச் சொல்கிற இன்னாலில்லாஹி சொன்னார்.  மாரியப்ப அண்ணாச்சி துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பி நின்றார்.

பிறகு காக்கா கேட்டார். "இன்னைக்குக் கிறிஸ்துமஸா, இல்லையா?"

"ஆமா, காக்கா."

"ஆமான்னா கட்டு. இல்லாத நாளுல கட்டுறதும் பொய்தான், இருக்குற நாளுல கட்டாம வாரதும் பொய்தான். அந்தத் துண்டு இனிமே பொய் சொல்லாதுன்னு மாடியில நின்னு என்கிட்டச் சொன்னது யாருலே? நீயா?"

பாய்மரத்தில் ஏறினேன். கை முடிச்சுப் போடவில்லை. மாரியப்ப அண்ணாச்சி ஏறி வந்து கட்டினார். காற்றுக்குத் துண்டு விரிந்து அடித்தது.

கிளம்பும்போது காக்கா சொன்னார்: "நாளைக்கு அவன் பேரச் சொல்லி ஒரு நோன்பு வைக்கேன். அவன் எனக்காக ஒரு நாளு கெடந்தான்ல." மறுநாள் வீட்டில் நானும் பட்டினி கிடந்தேன். சாயங்காலம்வரை முழுசாக. அந்தப் பக்கம் யாரும் தொதல் கொண்டுவரவில்லை என்பதும் ஒரு காரணம்.

தம்பிகளா, துண்டை வத்தையின் முன்பக்க அணியப் பலகைக்கு அடியில், நனையாத இடத்தில் வைத்திருக்கிறேன். சாயம் வெளுத்துவிட்டது, கிழியும்வரை அதையே கட்டுங்கள். ஜமாலு, பிறை பார்ப்பது உன் பொறுப்பு. கண்ணால் பார், யார் சொன்னாலும் நம்பாதே, முக்கியமாக நான் சொன்னால் நம்பாதே. பார்க்கும்போது அப்படியே கையேந்தி என் அண்ணனுக்காகவும் ஒரு துஆ கேள். ராயப்பா, நீ செபமாலையில் பாதியில் தூங்கிவிடுவாய் என்று உங்கள் ஆத்தாவே சொல்கிறாள். அவனுக்காக முழித்திருந்து ஒரு பத்து மணியாவது உருட்டிச் சொல். கடைத்தெருப் பக்கம் போனால் கரும்பு கட்டித் தருகிறவர்களிடமும் சொல்லுங்கள், அவர்கள் சாமியிடம் அவர்கள் கேட்கட்டும். எனக்குச் செபம் சரியாக வராது, நடுவில் வார்த்தை மறந்துவிடும். அதனால் உங்கள் எல்லாரிடமும் கேட்கிறேன். அவனுக்காக வேண்டிக்கொள்ளுங்கள். பேரை மட்டும் சரியாகச் சொல்லுங்கள், சேசடிமை.